காலி வண்டி எடை

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி மில் வாசலில்
எடைமேடை பார்க்கிறவள் நான்.
மரவள்ளி லாரி உள்ளே வரும்போது ஒரு சீட்டு,
கொட்டிவிட்டுப் போகும்போது ஒரு சீட்டு,
இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கிழங்கு.

யாருமில்லாத ஒரு ராத்திரி ஷிஃப்டில்
நானே ஏறி நின்றேன்.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் அந்த எந்திரம்.
எண்பது என்றது.
எழுபத்தாறாக இருக்கலாம், எண்பத்து நாலாகவும் இருக்கலாம்,
இரும்புக்கு என்ன தெரியும்.
ஆனாலும் அந்தச் சிவப்பு எண்
வீடுவரை என் பின்னாலேயே வந்தது.

மறுநாளிலிருந்து
காலையில் ஒரு அவித்த முட்டை, மஞ்சள் கரு நீக்கி.
மத்தியானம் வெள்ளரி.
சாயங்காலம் எல்லோரும் தட்டுவடை செட்டுக்குக் காசு சேர்க்கையில்
எனக்கு மட்டும் வெந்நீர்.
ராத்திரி, பசி வந்து சேர்வதற்குள் தூங்கிவிடுவது.

மூன்று வாரத்தில் ஐந்து கிலோ.
"கன்னம் ஒட்டிப்போச்சுடி" என்றாள் நிலோஃபர்.
பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.
சீப்பில் கொத்தாக முடி வந்தது,
அதையும் எடையில் கழித்துக்கொண்டேன்.
சுற்றிலும் மலைமலையாய் மாவு மூட்டை,
நடுவில் நான்
ஒரு முறுக்குக்கு எத்தனை கலோரி என்று
போனில் தேடியபடி.
ஒருநாள் சீட்டில் ஒரு பூஜ்யம் விட்டுப்போனது.
பதினாறாயிரம் கிலோ, ஆயிரத்து அறுநூறு.
டிரைவர் மாதையன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து,
"என்னுங்க மேடம், வண்டிய வீட்லயே
வுட்டுட்டு வந்துட்டனா?" என்றார்.

நாலாம் ஞாயிறு, ஏற்காடு.
அடிவாரத்தில் சைக்கிளில் ஏறியபோது மணி ஐந்தே முக்கால்.
மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு.
ஐந்து வரை பேசிக்கொண்டே போனேன்.
எட்டில் பேச்சு நின்றது.
பதினொன்றில்
கால்கள் இருந்தன, உள்ளே ஆள் இல்லை.
11 என்ற பலகை
நாலு ஒன்றாகத் தெரிந்தது.

ஓரச்சுவரில் உட்கார்ந்தேன்.
குரங்கு வந்தது, அவசரமே இல்லாமல்.
மடியிலிருந்த டப்பாவை எடுத்தது. தடுக்கத் தெம்பில்லை.
மூடியைத் திறந்தது, என்னைவிட லாவகமாக.
ஒரு வெள்ளரித் துண்டை முகர்ந்தது.
கடித்தது.
என்னைப் பார்த்தது.
டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தது.
இரக்கமா என்று கேட்காதீர்கள்,
குரங்கு முகம் எனக்குப் படிக்க வராது.

பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்கிவந்து
அடிவாரத்துக் கடையில் ஐந்து இட்லி, ஒரு வடை,
அப்புறம் எண்ணவில்லை.
மூன்றாவது இட்லியில் அழுகை வந்தது.
சாம்பார் காரம் என்று சொல்லிவைத்தேன்.
நிலோஃபர் ஒன்றும் கேட்காமல்
தண்ணீர் டம்ளரை நகர்த்தினாள்.

திங்கட்கிழமை மாதையன் வண்டிக்குச் சீட்டுப் போடும்போது
கை கொஞ்சம் நின்றது.
காலி வண்டி என்றுதான் எழுதுகிறோம்.
அதில் மாதையன் உண்டு, அவர் சோற்றுத் தூக்கு உண்டு,
உபரி டயர், முனியப்பன் படம்,
டாங்க் நிறைய டீசல்.
எடை குறையட்டும் என்று
டீசலை இறக்கி வைத்துவிட்டு மேட்டில் ஏறியவரை
இந்த ஒன்பது வருஷத்தில் நான் பார்த்ததில்லை.

இப்போது முட்டை இரண்டு, மஞ்சளோடு.
மத்தியானம் ஒரு கிண்ணம் சோறு, கெட்டியாகப் பருப்பு, கீரை.
புதன்கிழமை மீன்.
தட்டுவடை செட்டில் நிலோஃபரும் நானும் பாதிப் பாதி,
பீட்ரூட் அவளுக்கு, காரச் சட்னி எனக்கு.
எடை இறங்குகிறது, மனசில்லாமல்.
ஒரு மாதம் எழுநூறு கிராம்.
ஒரு மாதம் ஒன்றுமில்லை.
போன மாதம் முந்நூறு ஏறிவிட்டது,
அன்று மட்டும் வெள்ளரி ஞாபகம் வந்தது, பொய் சொல்வானேன்.
பத்துப் பத்தாக எண்ணுகிற எந்திரத்துக்கு
இதெல்லாம் கண்ணில் படாது.

நேற்றுப் பதினேழாவது வளைவு வரை போனேன்.
அதே குரங்கா, அதன் உறவா, தெரியவில்லை,
பக்கத்தில் வந்து கையை நீட்டியது.
டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு
மலைப்பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.
எலுமிச்சை சாதம்,
வேர்க்கடலை போட்டது.
ஒரு பருக்கைகூடக் கொடுக்கவில்லை.