முப்பத்தொன்றாம் பக்கம்

இருபத்தொரு ஸ்வோத்தி, நாற்பத்தொன்பது க்ரோஷ்.
கூடையில் போட்டுவிட்டுத்
தேநீர் வைக்கப் போனேன்,
திரும்புவதற்குள் மனசு மாறிவிடும் என்று.
மாறவில்லை.
ஜன்னலுக்குக் கீழே பெர்தா ஆறு
பாதி உறைந்து, பாதி யோசித்துக் கிடந்தது.
டிராம் பணிமனையில் பகலெல்லாம்
அடுத்தவர் மிகைநேரத்தைக் கூட்டிக் கழித்த விரல்
'வாங்கு' என்ற சொல்லின் மேல்
ஒரு கணம் நின்றது.

'உப்புக்கடல்.'
நானும் இரெக்கும் அதை முதலில் பார்த்தது
தொண்ணூற்று நாலில், ஞாயிற்றுச் சந்தையில்,
காலுறைக் குவியலுக்கும்
வெள்ளரி ஊறுகாய்க்கும் நடுவே.
ஆறு பிளாப்பி, ஒரு ரப்பர் வளையம்.
மைதீட்டிய மீசைக்காரன் விலையைச் சொன்னான்.
கையேடு என்று ஒன்று உண்டென்பதைச்
சொல்லவில்லை.

துறைமுகம் வரைக்கும் எல்லாம் சரி.
அங்கே நின்றான் சுங்க அதிகாரி,
பதினாறு நிறத்தில் ஒரு முகம்,
அதில் மூக்குக்கு மட்டும் மூன்று.
கையேட்டில் பன்னிரண்டாம் பக்கம்,
ஏழாம் வரி, முதல் சொல் என்ன?
கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டாற்போல் இருந்தது.
எங்களிடம் பக்கமும் இல்லை,
அவன் பேசிய ஆங்கிலமும் இல்லை.
மூன்று தடவை தப்பினால்
கப்பல் தானாகவே மூழ்கும்,
அலைகூட இல்லாத தண்ணீரில்.

அந்தக் குளிர்காலம் முழுக்க
இரெக்கின் அக்காள் அகராதியில் இருந்து
கடல், காற்று, ராஜா, ரொட்டி
என்று ஒவ்வொன்றாய் ஊட்டினோம்.
நான் தட்டச்சு. அவன் கணக்கு:
கோடு போட்ட நோட்டில்
மூழ்கிய கப்பலுக்கு ஒரு சிலுவை.
நூற்றுப் பத்தொன்பதாவது சிலுவைக்குப் பிறகு
முப்பத்தொன்றாம் பக்கம், நான்காம் வரி, இரண்டாம் சொல்லுக்கு
நங்கூரம் என்று அடித்தேன்.
கதவு திறந்தது.
இரெக் என் தோளில் குத்தினான். வலித்தது.
வலி போகவேண்டாம் என்றிருந்தது.

அதன்பின் எங்கள் வழி எளிது:
அதிகாரி முப்பத்தொன்றைக் கேட்கும்வரை
கணினியை அணைத்து அணைத்துப் போடுவது.
சில நாள் இரண்டாம் தடவையிலேயே கேட்பான்.
சில நாள் அம்மா சாப்பிடக் கூப்பிடும் வரை
கேட்கவே மாட்டான்.

இப்போது பதிவிறக்கம் நாற்பது நொடி.
சாவி எண் இல்லை, வட்டு கேட்கவில்லை,
நான் நான்தானா என்று
எந்தத் தொலைதூரக் கணினியையும்
கூப்பிட்டு விசாரிக்கவில்லை.
துறைமுகத்தில் அதே மூக்கு, அதே கேள்வி.
நங்கூரம் என்றேன். போ என்றான்.
வெளியேறி மறுபடி வந்து
வெள்ளரி என்றேன். போ என்றான்.
ஒன்றும் எழுதாமல் எண்டர் தட்டினேன்.
அதற்கும் போ என்றான்.
முப்பது வருடத்தில்
யாரோ அவன் வாயில் கேள்வியை விட்டுவிட்டு
காதைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள்.
பாவமாக இருந்தது, கொஞ்சம் கோபமாகவும்.

கூடவே கொடுத்திருந்தார்கள்,
வருடி எடுத்த கையேடு,
யாருடையதோ காப்பிக் கறையோடு.
பன்னிரண்டாம் பக்கத்துக்குப் போனேன்.
ஏழாம் வரி. முதல் சொல்:
'ஆகவே.'
ஆகவே!
அதையா நாங்கள் யூகித்திருப்போம்,
பதினொரு வயதில்?

இரெக் இப்போது ஸ்தாவாங்கரில்,
எண்ணெய்க் குழாய்களைப் பற்றவைக்கிறான்.
பேசி ஆறு வருடம்.
சண்டை ஒன்றுமில்லை,
ஒருவர் பிறந்தநாளை ஒருவர் மறந்தோம்,
அடுத்த வருடம் நினைவிருந்தும் கூசியது.
கோப்பு என்னிடம் முழுசாய் இருக்கிறது.
பூட்டில்லை. இழுத்து ஒரு மின்னஞ்சலில் போட்டால்
நள்ளிரவுக்குள் நார்வே.
மீசைக்காரனுக்கு இது தெரிந்தால்
மேசையை மடக்கிவிட்டுச் சிரிப்பான்.
நான் கடைக்கே திரும்பிப் போனேன்.
இன்னொரு இருபத்தொன்று நாற்பத்தொன்பது.
பரிசு என்ற கட்டத்தில் அவன் முகவரி.
செய்தி எழுத இடம் விட்டிருந்தார்கள்.
எப்படி இருக்கிறாய் என்று எழுதி அழித்தேன்.
பக்கம் முப்பத்தொன்று, வரி நான்கு, சொல் இரண்டு
என்று மட்டும் எழுதினேன்.

தேநீர் ஆறி ஏடு கட்டியது.
ஒரு மணிக்கு மேல் கைப்பேசி அதிர்ந்தது.
ரொட்டி, என்று எழுதியிருந்தான்.
அதன் கீழே, கொஞ்சம் பொறுத்து:
இன்னும் இரண்டு வாய்ப்பு இருக்கிறது எனக்கு.