காற்புள்ளிக்குத் தாடி

கிருனாவில் நவம்பர். சூரியன்
இரண்டு மணிக்கே கடையைச் சாத்திவிட்டது.
ரொட்டி மேல் மீன்முட்டைப் பசையைப் பிதுக்கிக்கொண்டே
திரையில் மலையைக் கெல்லுகிறேன்.
எலி பிடிக்கவா என்று கேட்காதீர்கள்.
இந்த மலையில் எலி உண்டு,
பிடிக்கப் பூனை உண்டு,
பூனை செத்தால் மூன்று மாதம் அடுப்பு மூட்டாத
சமையல்காரனும் உண்டு.

என் குள்ளர்கள் காற்புள்ளிகள்.
சுவர் ஒரு கட்டம், தரை ஒரு புள்ளி,
நீர் ஒரு நெளிகோடு. இரண்டு நெளிகோடென்றால் ஆழம்.
பழகிய கண்ணுக்கு இதில் காளான் வாசனை வரும்.
பழகாத கண்ணுக்கு
அச்சுக்கோர்ப்பவன் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும்.

நூற்றுத் தொண்ணூற்றேழு காற்புள்ளிகள்.
ஒவ்வொன்றுக்கும் பெயர், மூட்டுவலி, மாமியார்,
பிடித்த உலோகம், மறக்காத ஒரு மழை.
உம்ரித் என்றொருவன் கல்லில் செதுக்கியதை
ஒரு தடவை படித்தேன்:
‘இது ஒரு கதவின் சிற்பம். கதவு திறந்திருக்கிறது.
தன்னை அழைக்காத விருந்தை நினைத்துச் செதுக்கியது.’
அன்றிலிருந்து எந்த விருந்துக்கும்
அவன் பெயரைத்தான் முதலில் சேர்ப்பேன்.

வேலையிலும் இதே மாதிரி நாற்காலி, இதே மாதிரி திரை.
ஆயிரம் மீட்டருக்குக் கீழே ஆளில்லா வண்டி ஒன்று
என் விரலுக்குக் கட்டுப்பட்டு இரும்புக்கல் அள்ளும்.
இரவு ஒன்றரைக்கு அடியில் வெடி வைப்பார்கள்;
கோப்பையில் காபி ஒரு வட்டம் போடும்.
நிலம் இறங்குகிறது, ஊரைக் கிழக்கே நகர்த்துகிறார்கள்.
எங்கள் தெருவின் முறை அடுத்த கோடையில்.

என் தம்பி சிக்ஸ்டன் மருத்துவமனையில்
எலும்புப் படம் எடுப்பவன். படமில்லாமல் எதையும் நம்பான்.
“ஐவோர், நீ விளையாடுகிறாயா,
வரவு செலவு எழுதுகிறாயா?” என்று
புது ஓவியப் பதிப்பை வாங்கி ஏற்றிவிட்டான்.
ஒரே சாவியில் மாறும்.
எழுத்து, படம். எழுத்து, படம்.

அன்றைக்கு ஆழம் தெரியாமல் கடப்பாரையை விட்டேன்.
அடியில் இருந்த ஏரி உடைந்தது.
கல்மதகை இறக்கினால் நூற்றுத் தொண்ணூற்றாறு பிழைக்கும்.
அந்தப் பக்கம் ஒரே ஒரு காற்புள்ளி.
இறக்கு என்று ஆணை போட்டேன்.
நெம்புகோலை நோக்கி யாரோ ஒருத்தி நடக்கத் தொடங்கினாள்.

இந்த விளையாட்டின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாது.
வெள்ளத்தின் ஒவ்வொரு துளிக்கும் கணக்குப் பார்க்கும்.
கணக்கு ஏற ஏற உலகம் மெதுவாகும்.
கணினியின் விசிறி இரைய
நொடிக்கு ஓர் அடி வைத்தாள்,
பிறகு நான்கு நொடிக்கு ஓர் அடி.
நான் போய்க் காபி போட்டு வந்தேன்;
பாதி தூரம்கூட வரவில்லை.

அந்த நேரம் பார்த்து சிக்ஸ்டன் சாவியைத் தட்டினான்.

காற்புள்ளிக்குத் தாடி இருந்தது.
செம்பட்டை, நுனியில் பின்னல்.
முழங்கால் வரை தண்ணீர்.
கையில் உளி. ஓடவில்லை,
சுவரைப் பார்த்து நின்று செதுக்கிக்கொண்டிருந்தான்.

“அடப்பாவி, ஓடச் சொல்லேன் அவனை!”
ஓடச் சொல்லப் பொத்தான் கிடையாது, தம்பி.
இடிக்கச் சொல்லலாம், கட்டச் சொல்லலாம்;
கால் அவரவர் கால்.

படம் அழகுதான். யாரோ ஓர் ஓவியர்
ஈரப் பாறைக்குப் பளபளப்புக்கூடப் பூசியிருந்தார்.
ஆனால் அதே செம்பட்டைத் தாடி
இன்னும் பதினொரு பேருக்கு இருந்தது.
சாவியைத் திரும்பத் தட்டினேன்.
இரண்டு நெளிகோடுகளுக்கு நடுவே ஒரு காற்புள்ளி.
இவனை எனக்குத் தெரியும்.

நெம்புகோல் விழுந்தது.

நீரை இறைத்து முடிக்க
விளையாட்டில் ஒரு வருடம், வீட்டில் மூன்று இரவு.
சுவரைப் படித்தேன்:
‘இது ஒரு கதவின் சிற்பம்.
வேலை முடியவில்லை. தரம் சுமார்.’
கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று
எழுதியிருக்கவில்லை.

“என்ன போட்டிருக்கிறது?” என்றான் தம்பி, சோபாவிலிருந்து.
மணி ஒன்றரை.
உலகத்தை நிறுத்தும் சாவியை அழுத்தினேன்.
திரையில் எல்லாம் நின்றது.
காபி தன் வட்டத்தைப் போட்டது.