கீழே ஓடும் எழுத்து

கோட்டமுனையில் ஒரு மேல்மாடி.
ஆணியடித்துக் கட்டிய வெள்ளைத்துணியில்
பிரான்ஸ் தெரிகிறது:
ஒரு வங்கி, தொப்பி வைத்த இருவர்,
ஒரே தீக்குச்சியில் பற்றும் இரண்டு சிகரெட்.

மழைக்கு ஒதுங்கி ஏறியவன் நான்.
இருட்டில் கதிரை தேடி உட்கார்ந்த பிறகுதான்
பக்கத்தில் யாரென்று தெரிந்தது.
ஈரக்குடையை மடியில் கிடத்தியபடி
அருந்தவம்,
குலவீரனின் பெண்சாதி.
இனி எழும்பினால் பிழை.

"எனக்கு இங்கிலீசு ஓடாது.
கீழ எழுத்து வருகுது,
வாசிச்சுச் சொல்லுங்கவன்."

சொன்னேன்.
கடன் கேட்கிறான்.
இல்லையென்கிறான் மற்றவன்.
மச்சான், என்னை நம்பு என்கிறான்.
மச்சான் அங்கே இல்லை,
அது நானாகப் போட்ட சொல்.

வெல்லாவெளிச் சங்கத்தில்
உரக் கணக்கு எங்கள் இருவர் பொறுப்பு.
ஒன்றின் தலையில் ஒரு சின்னக் கோடு
ஏழாகிவிடும்.
கோடு என்னுடையது.
கையெழுத்து அவனுடையது,
நான் நீட்டிய தாளென்று
வாசிக்காமலே வைத்தான்.
விசாரணையில் கேட்டார்கள்.
"அது அவர்ர கையெழுத்துத்தான்" என்றேன்.
அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

நாலு வருஷம் உள்ளே.
இப்போது மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறான்.

படத்தில் கடற்கரை வந்தது.
முதலாமவனின் முகம் துணி முழுக்க.
வாய் நடுங்கி நடுங்கிப் பேசுகிறான்.
கீழே ஓடியது:
இலக்கத்தை மாற்றியது நான்.
அவனுக்கு ஒன்றும் தெரியாது.
தெரியாதென்று எனக்குத் தெரியும்.
பிறகும் இரண்டு வரி.

"என்ன சொல்றான்?"

கூரைத் தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

"மழை வரப்போகுதாம்."

அவள் துணியைப் பார்த்தாள்.
அவன் நெற்றியில் வெயில்,
கண் கூசும் வெயில்,
மணலில் தொப்பியின் நிழல் கத்திபோல.

"இவ்வளவு நேரமும் அதையா சொன்னான்?
அஞ்சு வரி ஓடிச்சே."

அதற்குப் பிறகு
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் வாசிக்கவில்லை.
யாரோ யாரையோ சுட்டார்கள்,
கப்பல் ஒன்று போனது,
லைட் போட்டார்கள்.

கீழே, வாசலில்,
சைக்கிளைப் பிடித்தபடி குலவீரன்.
"அட, நீயா மச்சான்!"
கை நீட்டினான்,
விரல்களெல்லாம் விறைத்து வெளுத்த கை.
வாங்கினேன். குளிர்ந்தது.

"படம் என்ன மாதிரி?" என்று அவளைக் கேட்டான்.

அவள் குடையை விரித்தாள்.
விரிய மறுத்த ஒரு கம்பியைத்
தட்டி நேராக்கினாள்.

"ஒருத்தன்
மழை வரும் எண்டு சொல்லி
அழுறான்" என்றாள்,
என்னைப் பாராமல்.