என் ஈரலே

மாற்று ஈரல் வைத்த ஐந்தாம் மாதம், ஆகஸ்ட்.
கிரெசுன் மலைச்சரிவில் எங்கள் களத்தில்
அவ்வருடத்தின் முதல் ஹேசல் கொட்டையைப்
பல்லால் உடைத்தேன்.
ஐம்பது வருடமாக அப்படித்தான்.
மூட்டைக்கு விலை சொல்வதும் இந்த நாக்குதான்.

உதடு தடித்தது.
தொண்டைக்குள் யாரோ கதவைச் சாத்தினார்கள்.
டிராக்டரில் என்னைக் கிடத்தி மலையிறங்கிய ரிஃபாத்
ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை.
ஈரக்குலை நடுங்குகிறது என்பார்களே,
நடுங்கியது,
ஏற்கெனவே நடுங்கிப் பழகியதுபோல.

‘கொடுத்தவருக்கு ஒவ்வாமை இருந்திருக்கலாம்.’
டாக்டர் ஷெப்னெம் அதோடு நிறுத்திக்கொண்டார்.
பெயர் சொல்லக்கூடாது,
ஊர் கூடாது, வயது கூடாது.

சரி.
நீ ஆணா பெண்ணா, தெரியாது.
ஆனால் பிறந்தநாள் கேக்குகளிலிருந்து
இரண்டடி தள்ளியே நின்றிருக்கிறாய்.
உன் பையில் ஓர் ஊசி இருந்தது.
பிஸ்கட் உறையின் பொடியெழுத்தை
யாரோ ஒருத்தி கண்ணைச் சுருக்கி
உனக்காகப் படித்தாள்.
இப்போதும் கடையில்
கை தானாக உறையைத் திருப்பிவிடுமே,
அப்போது என்ன செய்கிறாள்?

இங்கே நான் படிக்கிறேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து,
கடைசி வரி வரைக்கும்.
அவளிடம் இதைச் சொல்ல வழியில்லை.

தோப்பு பன்னிரண்டு ஏக்கர்.
ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே கணக்கு எழுதுகிறேன்.
‘கருங்கடல் மீனுக்கு உப்பு ஆகாதாம்’
என்று சிரிக்கிறான் வியாபாரி நெஜ்மி.
விலையையும் குறைத்துக் கேட்கிறான்,
நாக்கு போன ஆளிடம்.

எங்கள் பக்கம் பிரியம் முற்றினால்
‘என் ஈரலே’ என்று கூப்பிடுவோம்.
முப்பத்தோரு வருடம் கூப்பிட்ட குலிஸார்
ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின்
‘என்’னோடு நின்றுவிடுகிறாள்,
கூடத்தில் விருந்தாளி உட்கார்ந்திருப்பதுபோல.

நேற்று களத்திலிருந்து வந்தவள்
முழங்கை வரை சோப்புப் போட்டாள்,
வாய் கொப்பளித்தாள்,
தலைத்துணி முதல் எல்லாம் மாற்றிக்கொண்டு
பக்கத்தில் படுத்தாள்.
தையல் தழும்பின் மேல் உள்ளங்கை வைத்து
முழுதாகச் சொன்னாள்.

எங்களில் யாரை என்று நான் கேட்கவில்லை.

வெளியே தூறல் பிடித்தது.
களத்தில் ரிஃபாத் தார்ப்பாய் இழுக்கும் சத்தம்.
காயப்போட்ட கொட்டை நனைந்தால் கறுத்துவிடும்,
ஓடிப்போய் ஒரு முனை பிடிக்க வேண்டும்.
நான் எழுந்து ஓடாத முதல் மழை.