மூன்றில் ஒன்று

காலை பத்தரை.
காப்பி கூடாது, சென்ட் கூடாது,
பல் துலக்கி இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.
டெண்டர் ஆறு தெரியும் வெள்ளை அறையில்
எங்கள் நால்வருக்கும் இடையே அட்டைத் தடுப்பு,
காப்பியடிக்கும் பிள்ளைகளைப் பிரித்து வைத்தாற்போல்.

ஆளுக்கு மூன்று கோப்பை, துலிப் வடிவில்.
இரண்டில் ஒரே பீர்.
ஒன்றில் வேறு.
எது வேறு, அவ்வளவுதான் கேள்வி.

பீரின் பெயர் லோய்கநார்;
எங்கள் பேச்சில் பொய்யன்.
வைக்கோல் நிறம், எதிர் ஜன்னல் தெரியும் தெளிவு.
வெளியூர்க்காரர்கள் தாகத்துக்குக் குடிப்பார்கள்.
எட்டரை சதவீதம் என்பதை
இரண்டாம் குப்பி முடிந்து எழும்போது
முழங்கால்தான் அவர்களுக்குச் சொல்லும்.

நவம்பர் காய்ச்சலோடு என் மூக்கு போயிற்று.
பால் அடிப்பிடித்ததைப் புகை பார்த்துத்தான் அறிந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
மூக்கில்லாதவளுக்கு இந்த அறையில்
நாற்காலி ஏது?

முதல் கோப்பை.
முட்டை வெள்ளை போல நுரை உதட்டில் உடைகிறது.
குமிழ்கள் ஊசி ஊசியாய்.
அடிநாக்கில் கசப்பு வந்து குந்துகிறது,
பிறகு தொண்டைக்குள் ஒரு தீக்குச்சி.
இரண்டாவது, அதே.
மூன்றாவது, அதே தீக்குச்சி.

பேரிக்காய், கிராம்பு, வெள்ளை மிளகு,
முடிவில் ஆரஞ்சுத் தோல் என்று எழுதினேன்.
போன வருடக் குறிப்பேடு மனப்பாடம்.
எது வேறு என்ற கட்டத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.
நடுக் கோப்பை, என்றேன்.

ஹோடலீவ் உறையைப் பிரித்தாள்.
நடுக் கோப்பையேதான்.
சர்க்கரையை மாற்றியிருக்கிறார்கள், வேறு வியாபாரி.
மற்ற மூவரும் முதலாவதைச் சொன்னவர்கள்,
மூக்கின்மேல் விரல் வைத்தார்கள்.
வான்னஸ் கைகூடத் தட்டினான்.
என் சொல்லை நம்பி
ஆறாயிரம் லிட்டர் கிடங்கிலேயே நிற்கிறது இப்போது.

இரவு, சமையலறையில்
லேபிள் ஒட்டாத ஒரு குப்பியைத் திறந்தேன்.
அடிவண்டலை ஊற்றக் கூடாது என்பார்கள் என் வீட்டில்.
ஊற்றினேன்.
தெளிவெல்லாம் போய்ப் பனிமூட்டமானான் பொய்யன்.
காதை வைத்துக் கேட்டேன்:
நுரை இறங்கும் ஓசை,
தூரத்துத் தகரக் கூரையில் தூறல்.
காதுமடல் சுட்டது. முழங்கால் தன் கணக்கைச் சொன்னது.
கடைசி மடக்கில் என்னவோ வந்து போனது.
பேரிக்காயா,
பேரிக்காய் என்ற வெறும் சொல்லா?

கோப்பையைக் கழுவவில்லை.
உள்சுவரில் வலைவலையாய் நுரை காய்கிறது.
காலையில் முகர்ந்து பார்க்க வேண்டும்,
பல் துலக்குவதற்கு முன்.