இரு சாவிப் பூட்டு

பெரம்பூர் கிளையில் லாக்கர் பொறுப்பு எனக்கு.
வாடிக்கையாளர் சாவி ஒன்று, வங்கிச் சாவி ஒன்று.
ஒன்றை மட்டும் திருகினால்
இரும்பு இருமக்கூட இருமாது.
பதினாறு வருஷமாக இதுதான் பிழைப்பு.

ஆகவே கீழ்ப்பாக்கத்தில் டாக்டர் நஸீமா
மாத்திரைச் சீட்டின் பின்பக்கம்
ஒரு வாசல் வரைந்தபோது
பாதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது.
மூளைச் செல்லின் தோலில் பதிந்த புரதமாம்,
நாலு துண்டு கூடிய நிலை.
பெயர் என்எம்டிஏ.
குளூட்டமேட் வந்தால் மட்டும் போதாது,
கிளைசினும் வந்து உட்கார வேண்டும்.
அப்போதும் வாசலின் தொண்டையில்
மக்னீசியம் ஒன்று அடைத்து நிற்கும்;
பக்கத்தில் மின்சாரம் கொஞ்சம் எழுந்தால்தான் நகரும்.
பிறகுதான் கால்சியம் உள்ளே.
இவ்வளவு சம்பிரதாயம் எங்கள் வங்கியில்கூட இல்லை.

"கிளிசரினா? சோப்புல போடுவாங்களே"
என்றான் தேவநேசன்.
மூன்று வாரத்தில் அவன் பேசிய முதல் வாக்கியம்.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
நானும்.
தம்பி சிரிக்கவில்லை.

இந்த வாசல் அவனுக்குச் சரியாகத் திறப்பதில்லையோ என்று
ஒரு ஊகம். ஊகம்தான்,
இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.
வேறு கதவுகளும் உண்டு, டோபமீன் என்று ஒன்று;
மாத்திரைகள் பெரும்பாலும் தட்டுவது அதைத்தான்.
பூட்டு இறுகினால் நாங்கள்
சூளையிலிருந்து ஏகாம்பரத்தைக் கூப்பிடுவோம்,
ஒரு சொட்டு எண்ணெயில் முடிந்துவிடும், என்றேன்.
"அந்த எண்ணெயத்தான் தேடிக்கிட்டிருக்கோம்."

ஐசிஎஃபில் ரயில் பெட்டிக்கு வெல்டிங் வைத்தவன்.
ஏழு வருஷமாக
வியாசர்பாடி ஜீவாவின் ஒலிபெருக்கி அவனைக் கூப்பிடுகிறது:
பயணிகளின் கனிவான கவனத்திற்கு,
தேவநேசன் மூன்றாவது நடைமேடைக்கு வரவும்.
கனிவாகத்தான் சொல்கிறாளாம்.
எனக்கு அந்தக் கனிவுதான் பயம்.

வீட்டுப் பூட்டுக்கு ஒரு சாவி.
காலை ஒன்பதே காலுக்கு வெளியிலிருந்து பூட்டி
கைப்பையில் போட்டுக்கொள்வேன்.
டாக்டரிடம் இதை நான் சொன்னதில்லை.
ஓட்டேரி வரை பஸ்ஸில் நின்றபடி,
அந்தப் படம் வரைந்த சீட்டை
மடித்தேன், பிரித்தேன், மடித்தேன்.

வியாழக்கிழமை, மார்க்கெட் முனையில்
அறுபது ரூபாய்க்கு இன்னொரு சாவி அறுத்தேன்.
உள்ளங்கையில் வைத்தபோது
எடை பார்ப்பவன்போல் கையை ஏற்றி இறக்கினான்.
ஒன்றும் சொல்லவில்லை.

அன்று பகலெல்லாம்
மற்றவர்களின் நகைக்குக் காவலிருந்தேன்.
பதிவேட்டில் 114-ஐ 141 என்று எழுதி
அடித்துத் திருத்தி, மறுபடி தப்பாக எழுதினேன்.

மாலையில் கதவு திறந்து கிடந்தது.
மின்விசிறி யாருக்கோ சுற்றிக்கொண்டிருந்தது.
செருப்பு இல்லை.
தெருவில், மெட்ரோ வாட்டர் தொட்டியருகே
கேட்காமல்,
ஏன் என்று தெரியாமல் மாடியேறினேன்.
கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான்,
புதுச் சாவியால் கைப்பிடித் துருவைச் சுரண்டிக்கொண்டு.

"கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா.
வண்டி நாற்பது நிமிஷம் லேட்டாம்."

நாற்பது நிமிஷம்.
கீழே இறங்கிக் குக்கரை ஏற்றினேன்.