தூக்கச் சொன்ன இடம்

ஸ்டாவங்கரில் மழை மேலிருந்து விழுவதில்லை.
பக்கவாட்டில் வரும், கடன்காரனைப் போல.

நகராட்சி தந்த அளவுச்சக்கரத்தை
அலுவலகத்திலேயே போட்டுவிட்டு
நான்கு வயது சுன்னிவாவை வைத்து
தெருவை அளக்கிறேன்.
சுண்ணக்கட்டி நிற்காது இந்த ஊரில்.
கையில் மஞ்சள் மெழுகு.

மூடிய பெட்ரோல் பங்கிலிருந்து கிளம்பினோம்.
எண்பதாவது காலடியில் ஒரு நத்தை;
அதற்குப் பதினோரு நிமிடம் போயிற்று.
முந்நூற்றுப் பத்தில் காலுறை நனைந்தது.
நானூற்று நாற்பதில் நின்று
இரண்டு கையையும் நீட்டினாள்:
தூக்கு.

அங்கே ஒரு கோடு கிழித்தேன்.
பால் இதற்குள் கிடைக்க வேண்டும்.
ரொட்டி, இருமல் மருந்து, பள்ளிக்கூடம்,
சண்டை போட ஒரு சிநேகிதியும்.

கார்களை நினைத்துப் போட்ட பழைய வரைபடத்தில்
பால் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.
அதன் முன்னால்
அறுநூறு வண்டிக்கு ஒரு வெறுந்தரை.
ஞாயிற்றுக்கிழமைகளில்
கடற்புறாக்கள் மட்டும் நிறுத்திக்கொள்ளும்.

டோர்கில்ஸ் இப்போது நடுக்கடலில்.
இரண்டு வாரம் எண்ணெய், மூன்று வாரம் வீடு.
சுன்னிவாவின் பூட்ஸ் அந்தச் சம்பளம்.
என் படிப்புக் கடன் அடைந்ததும் அதில்தான்.
இரவு போனில் கேட்டான்:
"இன்றைக்கு எத்தனை பார்க்கிங்கை அழித்தாய்?"
"நாற்பது."
"இங்கே பம்ப் ரிப்பேர். உனக்குத்தான் வெற்றி."
சிரித்தோம்.
சிரிப்பு நின்ற பிறகும்
யாரும் போனை வைக்கவில்லை.

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஓட்முண்ட் எழுந்தார்,
மீன் ஆலை மேஸ்திரி.
"வாரம் மூன்று தடவை டயாலிசிஸ்.
உன் மகள் நடப்பாள், சரி.
திரும்பி வரும்போது நான்?"
என் வரைபடத்தில் அதற்குக் கோடில்லை.
"குறித்துக்கொள்கிறேன்" என்றேன்,
பதில் இல்லாத அதிகாரிகள் சொல்வதையே.

மறுநாள் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தேன்.
முதல் விளக்குக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.
தொண்ணூற்றாறு.
"தூக்கு என்று நான் கேட்க மாட்டேன்" என்றார்.
குனிந்து மெழுகால் கிழித்தேன்.
கை நடுங்கி, கோடு கோணலாயிற்று.

நாற்பதில் ஒன்பதைத் திருப்பி வரைந்தேன்.
டிராம் தண்டவாளத்தை வளைத்து
அந்தக் கம்பத்துக்கு இழுத்தேன்.
செலவுக் கணக்கு பார்த்த பெரிட்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இன்று காலை அந்த வழியே போனேன்.
மழைக்கு மெழுகு கரையவில்லை.
கோணல் கோட்டின் மேல்
முன்பின் தெரியாத ஒருத்தி, கையில் மீன் பையோடு,
இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்,
எதுவோ வரும் என்று.